‘மிஸ்ஸியம்மா’ விட்டுச் சென்ற வினா

காதற் கதைகளில் நகைச்சுவை பெரும்பாலும் ஊறுகாய் போல ஓரத்தில் நிற்கும். எல். வி. பிரசாத்தின் இயக்கத்தில் 1955இல் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’வில் அதுவே சோறு. இன்றைய இளைஞர் பலர் இப்படத்தை அறியார். ஆசிரியராகிய எமக்கோ அது மறத்தற்கரியது.

ஜமீன்தார் ஒருவரின் பள்ளிக்குக் கணவன் மனைவியான ஆசிரியர்களே வேண்டும். வேலையற்ற பட்டதாரிகளான இந்து பாலுவும் கிறித்தவப் பெண் மேரியும் தம்பதிகளென நடிக்கின்றனர். ஜெமினி கணேசனின் பொறுமையும் சாவித்திரியின் சினமும் மோதுந்தோறும் நகை பிறக்கின்றது. அது எவரையும் இழிவுபடுத்தாத நகை. வயிற்றுப்பாட்டிற் பிறந்த பொய்யாதலின் நெஞ்சையும் தொடுகின்றது.

எனினும் ஒரு குறை உண்டு. ஜமீன்தாரின் காணாமற்போன மகளே மேரி என்பது முடிவில் வெளிப்பட, சமய வேறுபாடென்னும் வினா விடையின்றி நழுவிவிடுகின்றது. அவள் பிறப்பாலும் கிறித்தவளாக இருந்திருப்பின் அத்திருமணத்தை நாம் வாழ்த்தியிருப்போமா? கோவிலும் மாதா கோவிலும் அருகருகே நிற்கும் எல்ல, பண்டாரவளைத் தோட்டங்களில் இது வெறுங் கதையன்று. இந்துக் கல்லூரியிற் பயின்ற நாமே இதற்கு முதலில் விடை கூறக் கடமைப்பட்டோம். வாழ்த்துவோம் என்பதே எமது விடை.