மாளிகை கட்டினவனா, எரிச்சவங்களா?

வியட்நாம் எழுத்தாளர் நுயென் ஹுய் துவாங் (1912-1960) பத்தி பேச்சு வந்தாலே "புரட்சி எழுத்தாளர்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. முத்திரை தப்பில்லை. 1943-ல் தலைமறைவா இயங்கின கலாச்சார சங்கத்துல சேர்ந்தவர். 1946-ல் முதல் தேசிய சட்டமன்றத்துல உறுப்பினர். அதே வருஷம் ஹனோய் ஓபரா அரங்குல மேடையேறின 'பாக் சோன்', 1940-ல் நடந்த கிளர்ச்சியைப் பத்தின நாடகம். அதுல யார் நல்லவன், யார் காட்டிக்கொடுக்கிறவன்ங்கறதுல குழப்பமே இல்லை.

ஆனா என் ஓட்டு, அவர் சுங்க இலாகா குமாஸ்தாவா இருந்தப்போ 1941-ல் எழுதின 'வூ நூ தோ' நாடகத்துக்குத்தான்.

கதை பதினாறாம் நூற்றாண்டுல நடக்குது. அரசன் லே துவாங் டுக்குக்கு அந்தப்புரப் பெண்களோட கூத்தடிக்க ஒரு ஒன்பதடுக்கு மாளிகை வேணும். சிற்பி வூ நூ தோ முதல்ல மறுக்கிறான். அரண்மனைப் பெண் டான் தியெம் வந்து, "அரசன் இன்னிக்கு இருப்பான், நாளைக்குப் போவான், மாளிகை நாட்டுக்கு நிக்கும்"ங்கற மாதிரி பேசி மனசை மாத்தறா. வேலை ஆரம்பிக்குது. வரி ஏறுது, கல்லு சுமந்தவங்க சாகறாங்க. கடைசியில கலகம். அரசன் கொல்லப்படறான், மாளிகை எரியுது, சிற்பியைக் கொலைக்களத்துக்கு இழுத்துட்டுப் போறாங்க. தான் செஞ்ச குத்தம் என்னன்னு அவனுக்குக் கடைசிவரை புரியவே இல்லை.

யார் பக்கம் நியாயம்? தனக்கே தெரியலைன்னு முன்னுரையில ஆசிரியரே சொல்லிட்டார். கடைசிக் காட்சியை வியட்நாம் பள்ளிப் பாடத்துலயும் வெச்சாங்க. பரீட்சையில பசங்க என்னத்த எழுதினாங்களோ :-)

இதைத் "தடுமாற்றம்"னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. கல்லு சுமந்து செத்தவனோட கணக்கையும் அவர் மறைக்கலை, எரிஞ்சுபோன அழகுக்காக அழறதையும் நிறுத்தலை. ரெண்டுல ஒண்ணை விட்டிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும், நாடகமும் செத்திருக்கும்.

புரட்சிக்குப் போனப்புறம் அந்தக் கேள்வி அவரை விட்டுதா என்ன? 1957-ல் கிம் டோங் குழந்தைகள் பதிப்பகத்துக்கு முதல் இயக்குநரா இருந்து பசங்களுக்கு வீரக் கதைகள் எழுதினார், சரி. ஆனா கடைசியா அவர் உட்கார்ந்து எழுதின பெரிய நாவல், 1946 டிசம்பர்ல ஆரம்பிச்ச ஹனோய் சண்டையைப் பத்தினது. பிரெஞ்சுப் படையைத் தடுக்க ஹனோய்க்காரங்களே கட்டில், பீரோவையெல்லாம் தெருவுல குவிச்சாங்க, வீட்டுக்கு வீடு சுவரை உடைச்சு வழி பண்ணாங்க. நேசிச்ச ஊரை நேசிச்சவங்களே இடிக்கிறாங்க. எனக்கு இதுல பழைய வூ நூ தோதான் தெரியறான்.

அந்த நாவலை முடிக்காமலே 1960-ல் போயிட்டார். எழுதினவரைக்கும் 1961-ல் புத்தகமா வந்தது.