விஷம் தின்னும் வேலையாட்கள்

இரவு கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்பை எட்டிப் பார்க்கிறது. பால் தயிராகிறது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் கைவேலை என்பது நமக்குத் தெரியும். ஆனால், அவற்றின் உறவுக்காரர்கள் சிலர் வயலிலே பூச்சி மருந்தைத் தின்று வாழ்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

பிலிப்பைன்ஸ் தேசத்தில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நெற்பயிரைப் பாழாக்கும் புகையான் பூச்சிக்காக அங்கே வயல் நீரில் டயசினான் என்ற மருந்தைப் போட்டார்கள். முதலில் நன்றாகத்தான் வேலை செய்தது. அதே வயலில் திரும்பத் திரும்பப் போடவே, மருந்தின் வீரியம் சீக்கிரமே மறைந்துவிட்டது! மருந்தில் கலப்படமோ? இல்லை. நம் நாட்டு விஞ்ஞானிகளான சேதுநாதனும் பதக்கும் 1972-ல் காரணத்தைச் சொன்னார்கள். வயலிலுள்ள நுண்ணுயிர்கள் மருந்தைச் சிதைக்கப் பழகிவிட்டன என்பதே அது.

மறு வருஷமே சேதுநாதனும் யோஷிதா என்ற விஞ்ஞானியும் அப்படிப்பட்ட ஒரு பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது டயசினானோடு நிற்கவில்லை. பாரத்தியான் என்ற கொடிய விஷத்தையும் ஒரு கை பார்த்தது.

எப்படி என்கிறீர்களா? அந்தப் பாக்டீரியாவிடம் ஓர் என்ஸைம் இருக்கிறது. கரும்பைக் கணுவில் வெட்டுவது போல, விஷத்தின் மூலக்கூறை முக்கியமான இடத்தில் அது அறுத்துவிடும். பழைய கொடுமை பெரும்பாலும் அதோடு தீர்ந்தது. துண்டுகளை மண்ணிலுள்ள மற்ற நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும்.

நம் விவசாயிகள் ஒரு காலத்தில் அள்ளித் தூவிய பி.எச்.சி. பொடி இன்னும் பிடிவாதக்கார விஷம்; வருஷக்கணக்கில் மண்ணை விட்டு அகலாது. 1997-ல் இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். அதைச் சிதைக்கும் மண் பாக்டீரியா ஒன்றையும் சேதுநாதனும் சகாக்களும் 1990-ல் அறிவித்தார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூரில் கழனி வைத்திருக்கும் உங்கள் மாமா, "அதுதான் பாக்டீரியா இருக்கிறதே, இன்னும் ஒரு மூடி மருந்து ஊற்றினால் என்ன?" என்று கேட்கக்கூடும். விட்டுவிடாதீர்கள்! இந்த வேலையாட்களுக்கு ஈரம் வேண்டும், மக்கிய தொழு உரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அவகாசம் வேண்டும். மருந்தை அளவு மீறிக் கொட்டினால் அவர்களே செத்துப் போவார்கள். தெளிக்கும் கருவியைக் குளத்தில் கழுவினாலோ, மீன்கள் சாவதற்கு முன் பாக்டீரியா வேலையை முடித்துவிடாது.

மண்ணில் நடக்கிற இந்த அதிசயம் டப்பாவுக்குள் நடப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2013 ஜூலை 16-ந் தேதி பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்து போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது. எண்ணெய் இருந்த பாத்திரத்திலும் அதே விஷம்! மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் சிதைக்கக்கூடிய மருந்துதான் அது.

ஆகையால், சகோதரிகளே, பூச்சி மருந்து வந்த டப்பா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்தாலும், எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ வேண்டவே வேண்டாம். ஓட்டை போட்டு ஒழித்துவிடுங்கள். காய்கறியை ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைக்கோஸின் மேல் இலைகளை உரித்து எறியுங்கள். வயலைச் சுத்தம் செய்ய ஆள் இருக்கிறது, அடுக்களைக்கு நாம்தான்.