பழைய ரம்ப மேசையும் சங்கப் பணமும்

பழப்பெட்டி செய்யவும் தறிச் சாமான்களைப் பழுது பார்க்கவும் பழைய வட்ட ரம்ப மேசை வாங்க முனையும் சங்கங்கள், விலையை மட்டும் பார்த்துத் தீர்மானம் நிறைவேற்றலாகாது. நிர்வாகக் குழுவினர் நேரில் சென்று சோதித்தல் அவசியம்.

துருவைக் கண்டு அஞ்ச வேண்டாம். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் அதனைப் போக்கும். ஆனால், வார்ப்பிரும்பு மேசையில் விரிசல் இருப்பின் மலிவும் நஷ்டமே. மின்சார இணைப்பைத் துண்டித்து, ரம்பத் தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டால் பேரிங் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பலகையை அணைக்கும் சட்டம் ரம்பத்திற்கு இணையாக நிற்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். இணை தவறினாலும், ரம்பத்தின் பின்னே நிற்கவேண்டிய பிளவுத் தகடு இல்லாவிடினும், பலகை இறுகித் தள்ளுபவர் மீதே பாயும்.

ஆகவே, பிளவுத் தகடும் மேல்மூடியும் பொருத்தும்வரை அவ்யந்திரத்தை ஓட்டலாகாது. போன பணத்தை ஈட்டலாம். அங்கத்தினர் ஒருவரின் விரல் போனால் எந்தச் சங்கம் ஈடு செய்யும்?