சக்தியைச் சன்னலுக்கு வெளியே காட்டுங்கள்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலையொன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். சக்தியின் வடிவங்கள் எவை என்றதும் வெப்பம், ஒளி, ஒலி, மின் என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவித்தனர். சன்னலுக்கு வெளியே இரைந்து சென்ற மீன்பிடிப் படகைக் காட்டி, அதில் எந்தச் சக்தி என்று கேட்டேன். மௌனம்.

பிள்ளைகள்மீது குற்றமில்லை, ஆசிரியரையும் புலமைப்பரிசில் பரீட்சை துரத்துகிறது. ஆயினும் எரிபொருளில் உறங்கும் இரசாயன சக்தி இயந்திரத்தில் வெப்பமாகி, இயக்கமாகி, இரைச்சலுமாவதைச் சொல்ல அந்தப் படகொன்றே போதும். சக்தி அழிவதில்லை, உருமாறுகிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பூமியின் உள்வெப்பத்தைச் சொல்லும். சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானத் தாக்குதலில் பற்றியெரிந்தது. எரிபொருளுக்காக நாடுகள் மோதுவதற்கு வேறு சான்று வேண்டுமா?

இது வெறும் பரீட்சை விடயமன்று. 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் மண்ணில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் திட்டமிடப்பட்டது. 2016 இல் கைவிடப்பட்டது. 2025 இல் அங்கு 120 மெகாவாற் சூரிய மின்நிலையப் பணி தொடக்கிவைக்கப்பட்டது. நிலக்கரியா, சூரியனா என்பதைத் தீர்மானித்தவர்கள் கொழும்பிலும் புதுடில்லியிலும் இருந்தார்கள்.

அடுத்த திட்டம் வரும்போது இப்பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். அன்று கேள்வி கேட்கும் தகுதி, மனனம் செய்த பட்டியலால் வந்துவிடாது.