காலை உணவு ஓகே... கைக்குழந்தைக்கு?

காலை உணவுத் திட்டம்னாலே நமக்கெல்லாம் ஒரு பெருமை. நியாயமான பெருமைதான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? அந்தத் தட்டு முன்னால் வந்து உட்காரும்போது குழந்தைக்கு 5 வயது ஆகிவிடுகிறது. மூளை அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

இதைக் காட்டிக்கொடுத்தவை எலிக்குட்டிகள். எலிக்கு மூளை வேகமாக வளர்வது பிறந்த முதல் மூன்று வாரங்களில், பால்குடிக் காலத்தில். 1966-ல் அமெரிக்காவில் மைரன் வினிக்கும் அடீல் நோபிளும் அந்த நாட்களில் குட்டிகளைக் குறை வயிற்றோடு வளர்த்தார்கள். பிறகு வயிறு நிறையக் கொடுத்தும் மூளையில் குறைந்த செல் எண்ணிக்கை திரும்பவில்லை. பால் மறந்தபின் பட்டினி போட்ட எலிகளின் மூளையோ தப்பித்துக்கொண்டது. அதே பட்டினிதான், காலம்தான் வேறு.

செல்களோடு கதை முடியலை. நரம்பு ஒரு செய்தி அனுப்பியதும், அதைத் துடைத்து அடுத்த செய்திக்கு இடம்விட ஓர் என்சைம் வேண்டும். பெயர் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் (வாயில் நுழையாத பெயர்தான், விடுங்க). பால் பத்தாத குட்டிகளின் மூளையில் இப்படிப்பட்ட என்சைம்கள் உரிய நேரத்தில் உயராமல் பின்தங்கின என்று இங்கிலாந்தில் ஜான் டாபிங் குழு கண்டது.

'எலி வேற, நம்ம புள்ள வேற'ன்னு நீங்க சொல்லலாம். சரிதான். மனிதக் குழந்தைக்கு இந்த வேகமான வளர்ச்சி கர்ப்பத்தின் நடுவில் தொடங்கி, பிறந்த பிறகும் சுமார் இரண்டு ஆண்டுகள் நீள்கிறது. மீட்கவும் முடியும். ஜமைக்காவில் வளர்ச்சி குன்றிய 9 முதல் 24 மாதக் குழந்தைகளுக்குச் சத்துணவோடு, வாரா வாரம் வீட்டுக்கே போய் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் கிடைத்த குழந்தைகள்தான் அதிகம் முன்னேறினார்கள்.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்க. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு கிடைப்பது 11.3 சதவிகிதம் பேருக்குத்தான். அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். அது வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்குமான கஞ்சியாகிவிட்டால் கைக்குழந்தைக்கு மிஞ்சுவது ரெண்டு ஸ்பூன். இந்த வயதுக்காரர்களுக்குப் பள்ளி கிடையாது, மணி அடித்துச் சோறு போட ஆளும் கிடையாது. அடுத்த பட்ஜெட்டில் திட்டங்களை அறிவிக்கும்போது, பயனாளியின் வயதையும் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க.