குப்பைமேட்டில் குடியேற்றம்

மும்பையின் தாராவிக் குடிசைப்பகுதிப் புனரமைப்பில் தகுதியற்றோர் என்று கழிக்கப்படும் குடும்பங்களைத் தேவனார்க் குப்பைமேட்டின் 124 ஏக்கரில் குடியமர்த்துவதென்ற தீர்மானம், இத்தனை ஆட்சேபங்களுக்குப் பின்னும் அசையாமல் நிற்கிறது. 2018 அக்டோபரில் காலமான குடிசைவாசிகளின் தலைவர் ஜோக்கின் அற்புதம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை ஊகிப்பது சிரமமன்று.

கோலார் தங்கவயலில் பிறந்து, அறுபதுகளில் பம்பாய்க்கு வந்து, தச்சுவேலை செய்து வீதியோரம் படுத்துறங்கிய அந்தத் தமிழர், டிராம்பே பக்கத்து ஜனதா காலனியில் அள்ளுவாரற்றுக் குவிந்து கிடந்த குப்பையை, குழந்தைகளைத் திரட்டி, ஆளுக்கொரு காகிதப் பொட்டலமாகச் சுமந்துபோகச் செய்து, மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டவைத்தார். அன்று குடிசைவாசிகள் குப்பையை அதிகாரஸ்தர்களிடம் கொண்டுசென்றார்கள். இன்றோ அதிகாரஸ்தர்கள் குடிசைவாசிகளைக் குப்பையிடம் கொண்டுசெல்கிறார்கள்.

தேவனார் சாதாரண ஸ்தலமா? 1927 முதல் மகாநகரத்தின் கழிவை விழுங்கிவரும் மேடு அது. உள்ளே அழுகுவதிலிருந்து மீத்தேன் எழுகிறது, அடியில் நச்சுநீர் கசிகிறது, 2016 ஜனவரியில் மூண்ட நெருப்பின் புகை நகரத்தையே மூடியது. குடியிருப்பிலிருந்து 200 மீட்டரேனும் விலகியே குப்பைமேடு அமையவேண்டுமென்று அதே ஆண்டு திடக்கழிவு விதிகள் வகுக்கப்பட்டிருக்க, மேட்டின்மீதே குடியிருப்பை அமைக்க முற்படுவதை என்னவென்று சொல்வது? சுத்தம் செய்த பின்னரே கட்டுவோம் என்பது அதிகாரஸ்தர்கள் கூறும் சமாதானம். ஒரு நூற்றாண்டுக் கழிவு ஒப்பந்தக் கெடுவுக்குள் கரைந்துபோகும் என்ற நம்பிக்கை நமக்கில்லை. அப்படியே கரைந்தாலும், அத்தனை பரிசுத்தமான பூமி, தாராவியில் கழிக்கப்பட்டவர்களுக்கென்று மாத்திரம் ஒதுக்கப்படுவானேன்?

கழிக்கப்படுவோர் யார்? 2000 ஜனவரி முதல் தேதிக்குப் பின் வந்தவர்கள். அல்லது எந்தத் தேதியில் வந்தாலும், ஏணி வைத்து ஏறும் மேல்தளத்தில் வசிப்பவர்கள். யார் குடியிருப்போர் என்பதை மேலிருந்து தீர்மானிக்காமல், ஜனங்கள் தங்களைத் தாங்களே எண்ணிக் கணக்கெடுக்கவேண்டும் என்பது அற்புதம் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கொள்கை. 2007இல், கூட்டுறவா மோதலா என்று தாராவித் திட்டக்காரர்களை நோக்கி சமூகச் செயற்பாட்டாளர் ஷீலா படேலுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையும், அடுத்த ஆண்டு எழுதியவையும், குடியிருப்போரைக் கலக்காத திட்டம் எத்தகையதென்பதை விஸ்தாரமாகவே விளக்கின. அவற்றை இந்த அதிகாரஸ்தர்கள் படித்ததற்கான அடையாளம் எதையும் நாம் காணவில்லை.

காணாததில் வியப்புமில்லை. ஊருக்குள்ளிருந்து அப்புறப்படுத்திய ஏழைகளை நாற்பதுகளின் இறுதியில் சதுப்பில் கொண்டுவிட்டு, அவர்கள் அதை மேடாக்கி ஜனதா காலனி என்று வாழத் தலைப்பட்டதும், நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டுமென்று இடித்துத் தள்ளிச் சீட்டா கேம்ப்புக்கு விரட்டியது இந்தப் பரம்பரைதானே? 1981இல் கொட்டும் மழையில் நடைபாதைவாசிகளை வாரிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே இறக்கியது யார்? எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மூச்சுக்குள் மாஹுலில் அடுக்குமாடிகளை எழுப்பி, குடிநீர்க் குழாயோரத்துக் குடும்பங்களை அடைத்து, 2019இல் அங்கே எவரையும் கட்டாயப்படுத்தி அனுப்பலாகாதென்று உயர் நீதிமன்றம் சொல்லும் வரையில் அசையாதிருந்தது யார்? சீட்டா கேம்ப், மாஹுல், இப்போது தேவனார் என மூன்றும் செம்பூரைச் சுற்றியே கிடக்கின்றன என்பதைத் தேசப்படம் பார்க்கத் தெரிந்த எவரும் காணலாம். வேண்டாதவர்களுக்கென்று அந்த மூலையை இவர்கள் நெடுநாள் முன்பே குறித்துவைத்துவிட்டார்கள் போலும்!

இதே அற்புதத்துக்குத்தான் 2011இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மனிதருக்கு மரியாதை, அவர் வார்த்தைக்குக் குப்பைக்கூடை என்பது நம் நாட்டில் புதிதன்று.

தேவனார்த் தீர்மானம் ரத்தாகவேண்டும். தாராவி ஜனங்களை அழைத்துப் பேசி, மனிதர் வசிக்கத்தக்க வேறு ஸ்தலம் பார்க்கவேண்டும். எந்த ஸ்தலம் என்று தேடுவது, அதற்கென்றே சம்பளம் பெறுவோரின் பொறுப்பு. தேவனாரைக் கண்டுபிடிப்பதில் காட்டிய சிரத்தையில் பாதி போதும்.