கிணற்று நீரும் சங்கத்தின் கடமையும்

தெளிந்த நீர் நல்ல நீர் என்று கொள்வது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். குரோமியம், காரீயம் முதலிய கன உலோகங்களோ கண்ணுக்கும் நாவுக்கும் எளிதில் அகப்படுவதில்லை. காய்ச்சினாலும் அவை நீங்கா. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு மிகும் என்பதை அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

அச்சரப்பாக்கத்துக்கு வடக்கே கடலை நோக்கிச் செல்லும் பாலாற்றின் மேற்பகுதியில் இருப்பது இராணிப்பேட்டை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை, தோல் பதனிட உதவும் குரோமிய உப்புக்களை 1970களிலிருந்து செய்துவந்து, 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை நின்றது, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு திறந்த வெளியில் குவிந்து நின்றது. மழைதோறும் குரோமியம் மண்ணில் இறங்கி, சுற்றுப்புறத்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருத்தலாகாது என்பது இந்தியத் தரநிர்ணயம். கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்தது. பாலாற்றுக்காக 2025-இலும் அதே மன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது! இடைப்பட்ட காலத்தில் அந்நீரைக் குடித்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அக்கழிவு நம் கிணறுகளை எட்டிவிட்டதெனப் பீதி கிளப்புவது நமது நோக்கமன்று. தோல் ஆலைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி நெசவாளர் ஒதுங்கிக்கொள்வதும் முறையன்று. பட்டுக்கு இடும் சில சாயங்களில் குரோமியமும், பருத்திக்கு இடும் மயில்நீலச் சாயங்கள் சிலவற்றில் செம்பும் உண்டு. சாயப் பட்டறையின் கழிவு வாய்க்காலில் விடப்பட்டால், அது சேருமிடம் இன்னோர் அங்கத்தினரின் வயற்கிணறு. நூல் இருப்பையும் கடன் நிலுவையையும் துருவிக் கேட்கும் மகாசபைகளில் இக்கேள்வி எழுந்து நாம் கேட்டதில்லை.

சங்கங்கள் பொது நல நிதியிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்கி, சாயப் பட்டறைகளை அடுத்த கிணறுகளின் நீரையேனும் மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தை இதற்கு நாடலாம். உப்பும் கடினத்தன்மையும் பார்த்தால் போதாது. உலோகங்களின் பெயரைக் குறித்து, அவற்றையும் சோதிக்கும்படி எழுதிக் கேட்கவேண்டும். மாதிரி நீரை வீட்டு எண்ணெய்ப் புட்டியில் பிடித்துச் செல்லாமல், ஆய்வுக்கூடத்தார் சொல்லும் புட்டியிலேயே கொண்டுசெல்க.